திருச்சி விமான நிலையம்: முனையம் வந்தது, ஓடுபாதை அப்படியே இருக்கிறது

திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தின் நவீனமயமாக்கல் குறித்த நிகழ்வு ஆய்வு இது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து, 2024 ஜூனில் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்து அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் ஓடியது வரையிலான காலம் இதில் அடங்கும். முடிவெடுத்த அதிகாரிகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். யார் செய்தார் என்பதைவிட எந்த வரிசையில் செய்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

பின்னணி

புதுக்கோட்டை சாலையில், மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருச்சி ஏர்போர்ட். 1930களிலேயே டாடாவின் தபால் விமானங்கள் கொழும்புக்குப் போகும் வழியில் இங்கே இறங்கின. 'பன்னாட்டு விமான நிலையம்' என்ற அதிகாரபூர்வத் தகுதி 2012 அக்டோபரில்தான் கிடைத்தது. ஆனால் சுங்க விமான நிலையம் என்ற நிலையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வெளிநாட்டு விமானங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஏர் ஏசியா இந்தியாவுக்கு முதன்முதலில் இயக்கிய விமானம் 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்ததுதான். சென்னைக்கோ மும்பைக்கோ அந்தப் பெருமை இல்லை என்பது ஊருக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், சிவகங்கை என்று சுற்றியுள்ள மாவட்டங்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஒருவராவது இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. அதனால் இங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். இந்தியாவில் பெருநகரம் அல்லாத ஊர்களில் இப்படி இருப்பவை வெகு சில.

அதோடு, பலரும் கவனிக்காத ஒரு கொள்கை முடிவும் துணை நின்றது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைச் சேர்ந்த விமான நிறுவனங்கள், இருக்கை எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் இந்தியாவின் 18 சுற்றுலா நகரங்களுக்குப் பறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. கயா, வாரணாசி, அமிர்தசரஸ், கொச்சி வரிசையில் திருச்சியும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் நாளுக்குப் பல முறை வந்து போவதற்கும், 2023 நவம்பரில் வியட்ஜெட் ஹோ சி மின் நகரிலிருந்து வரத் தொடங்கியதற்கும் பயணிகளின் தேவை ஒரு காரணம் என்றால், இந்தப் பட்டியல் மறு காரணம்.

வளைகுடா நாடுகளின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி இருதரப்பு ஒப்பந்தம். எந்தெந்த ஊருக்குப் பறக்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஊர்களின் அந்தப் பட்டியலில் திருச்சி இல்லை. அதனால் எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் இங்கே வர முடியாது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற இந்திய நிறுவனம் மட்டும் பறக்கலாம். ஷார்ஜாவின் ஏர் அரேபியா கோயம்புத்தூருக்கு வருகிறது, திருச்சிக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பழைய முனையத்தில் கண்டவை

2009இல் திறக்கப்பட்ட முனையத்தின் பரப்பு 12,000 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டியபோது அது பெரிய கட்டடமாகவே தெரிந்தது. பத்தாண்டுகளுக்குள் ஆண்டுக்குப் பயணிகள் எண்ணிக்கை 15 லட்சத்தை எட்டியதும் மூச்சு முட்டத் தொடங்கியது.

ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த நெரிசலைப் புரிந்துகொள்ள முடியாது. உச்ச நேரத்தைப் பார்க்க வேண்டும். பகலில் பல மணி நேரம் காலியாகக் கிடக்கும் கூடம், இரவு பத்து மணிக்கு மேல் திருவிழாக் கூட்டமாகும். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வரும், போகும். 180 பேர் கொள்ளும் விமானங்கள் மூன்று ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால், ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்பார்கள். அதே நேரத்தில் அதே மூன்று விமானங்களில் ஏறிப் போக வேண்டிய ஐந்நூறு பேர் மறுபுறம் செக்-இன் கவுன்டரில் நிற்பார்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னும் இரண்டு விஷயங்கள் நெரிசலைக் கூட்டின. முதலாவது, வழியனுப்ப வருவோர். ஒருவர் சிங்கப்பூர் போக, வேன் பிடித்து வீடே வரும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போனவர் கண்ணுக்கு மறையும்வரை கையாட்டிவிட்டுத்தான் கிளம்பும். முனைய வாசலின் பரப்பைக் கணக்கிடுபவர்கள் பயணிகளை எண்ணுவார்கள், இவர்களை எண்ணுவதில்லை. இரண்டாவது, 'குருவி' என்று அழைக்கப்படும் பொருள் கடத்திகள். தங்கம் பிடிபட்ட செய்தி இல்லாமல் திருச்சிப் பதிப்பு நாளிதழ்கள் ஒரு வாரம் வந்ததில்லை. அதனால் கஸ்டம்ஸ் சோதனை இங்கே நீளும். சந்தேகத்தில் ஒருவரை நிறுத்தினால் அவருக்குப் பின்னால் உள்ள வரிசையும் நிற்கும். முனையத்தின் கொள்ளளவு என்பது சதுர மீட்டரில் மட்டும் அடங்குவதில்லை, ஒரு பயணிக்கு ஆகும் நிமிடங்களிலும் இருக்கிறது.

ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்களுக்கு அது போதும். ஏ330 போன்ற அகன்ற உடல் விமானம் முழுச் சுமையோடு நெடுந்தூரம் பறக்கக் கிளம்ப வேண்டுமென்றால் போதாது. மே மாதத் திருச்சி வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இயந்திரத்தின் உந்துவிசையும் குறையும். தரையில் ஓட வேண்டிய தூரம் கூடும்.

2018 அக்டோபர் 12ஆம் தேதி அதிகாலை ஊரே இந்த ஓடுபாதையைப் பற்றிப் பேச நேர்ந்தது. 130 பயணிகளோடும் 6 ஊழியர்களோடும் துபாய்க்குக் கிளம்பிய போயிங் 737 ஒன்று, ஓடுபாதை முடிவில் இருந்த வழிகாட்டும் ஆன்டெனாக்களையும் சுற்றுச்சுவரையும் உரசிக்கொண்டு மேலே ஏறியது. சில மணி நேரம் பறந்த பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு அங்கே பத்திரமாக இறங்கியது. ஓடும்போது உந்துவிசை தவறுதலாகக் குறைக்கப்பட்டதையும் அதை விமானிகள் கவனிக்காமல் விட்டதையுமே விசாரணை சுட்டியது. ஓடுபாதையின் நீளத்தை அது குற்றவாளி ஆக்கவில்லை. இருந்தாலும், தவறு நடந்தால் சமாளிக்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை இடிந்த சுவர் எல்லோருக்கும் காட்டியது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

ஆக, இந்த விமான நிலையத்துக்கு மூன்று குறைகள்: முனையம் சிறியது, ஓடுபாதை குட்டையானது, வளைகுடா ஒப்பந்தங்களில் பெயர் இல்லை. மூன்றையும் தீர்க்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு.

முனையம் கட்டுவது இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில். பணம் அவர்களுடையது, வரைபடம் அவர்களுடையது. ஓடுபாதையை நீட்ட வேண்டுமென்றால் மாநில அரசு நிலம் எடுத்துத் தர வேண்டும். அதில் பட்டா நிலமும் உண்டு, பாதுகாப்புத் துறையின் நிலமும் உண்டு. பட்டாதாரர் இழப்பீட்டைப் பற்றிக் கேட்பார். பாதுகாப்புத் துறையோ மாற்று நிலமும் மதிப்பும் கேட்கும். இந்தப் பேச்சு பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்தது. இடையில் கேட்கப்பட்ட பரப்பு குறைக்கப்பட்டது, வரைபடம் மாறியது. மூன்றாவதான பறக்கும் உரிமையோ டெல்லியில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் மேசையில் இருந்தது. அங்கே இந்திய நிறுவனங்களின் நலன், ஏற்கெனவே கொடுத்த இருக்கைகளின் அளவு என்று திருச்சிக்கு அப்பாற்பட்ட கணக்குகள் ஓடின.

முதல் குறையைத் தீர்ப்பது என்று முடிவானது. முடிவு தவறு என்று சொல்ல மாட்டேன். நெரிசல் நிஜம், அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் பட்ட அவதி நிஜம். நிலப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் முனையமும் வந்திருக்காது. ஆனால் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள் என்பதும், எது முதன்மைத் தடையோ அதை நீக்கினார்கள் என்பதும் வேறு வேறு. அறிவிப்புகளில் இந்த வேறுபாடு மறைந்துபோனது. புதிய முனையம் வந்தால் பெரிய விமானம் வரும், துபாய்க்காரர்கள் வருவார்கள் என்று ஊரில் நம்பிக்கை வளர்ந்தது. அது சரியில்லை என்று தெளிவாகச் சொல்லும் பொறுப்பை எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுமானம்

2019 பிப்ரவரி 10ஆம் தேதி, திருப்பூரில் நடந்த விழாவிலிருந்தபடி பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்போதைய மதிப்பீடு சுமார் 951 கோடி ரூபாய். முடிந்தபோது செலவு 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. பரப்பு சுமார் 75,000 சதுர மீட்டர், பழையதைப் போல ஆறு மடங்கு. ஆண்டுக்கு 44 லட்சம் பேர், உச்ச நேரத்தில் 3,500 பேர் என்பது வடிவமைப்பின் அளவு.

அதே 2019 செப்டம்பரில், தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம் என்று ஆணையத்தின் வாரியம் ஒப்புக்கொண்ட ஆறு விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று. அடித்தளம் போடும்போதே வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றன. தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள், வேலை தேங்கியது. 2021-ஐ ஒட்டிக் குறித்திருந்த கெடு பலமுறை தள்ளிப்போனது. ஆனால் 2020 மே மாதத்திலேயே கோலாலம்பூரிலிருந்து மீட்பு விமானம் திருச்சிக்கு வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பழைய முனையம், குறைந்த ஆட்களோடு, உடல்வெப்பச் சோதனை, தனிமைப்படுத்தல் பேருந்துகள் என்று புதிய வேலைகளையும் சேர்த்துச் செய்தது.

கட்டடத்தின் தோற்றத்துக்கு வருவோம். முகப்பு கோபுர நிறங்களை நினைவூட்டுகிறது. உட்சுவர்களில் கோலமும் ஸ்ரீரங்கத்துத் திருவிழாவும். இப்படிப்பட்ட அலங்காரத்தில் எனக்குப் பெரிய நாட்டம் இல்லை, ஆனால் இங்கே வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. சுவரோவியத்துக்கு முன் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்வோரைப் பார்த்தால், செலவு வீண் என்று சொல்ல வாய் வராது.

திறப்பு விழாவுக்கும் முதல் விமானத்துக்கும் இடையே

2024 ஜனவரி 2ஆம் தேதி முனையம் திறந்து வைக்கப்பட்டது. முதல் பயணி உள்ளே நுழைந்ததோ ஜூன் 11ஆம் தேதி. ஐந்து மாதங்களுக்கு மேல் கட்டடம் திறந்தும் மூடியே கிடந்தது. பயணிகள் பழைய முனையத்திலேயே வரிசையில் நின்றார்கள்.

இந்த இடைவெளியைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். விமான நிலையத்தில் கட்டடம் என்பது ஓர் உறை. அதற்குள் வேலை செய்பவர்கள் வேறு வேறு துறையினர். நுழைவாயில் காவலும் உடைமைச் சோதனையும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. பாஸ்போர்ட் சோதனை உள்துறை அமைச்சகத்தின் கீழ். சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ். பாதுகாப்பு ஒப்புதல் தருவது விமானப் பாதுகாப்புப் பணியகம். இவர்கள் ஒவ்வொருவரும் ஆறு மடங்கு பெரிய கட்டடத்துக்கு ஏற்ப ஆட்களும் கருவிகளும் பெற வேண்டும். பணியிடங்களுக்கு ஒப்புதல் டெல்லியிலிருந்து வர வேண்டும். அதன் பிறகு ஒத்திகை: பெட்டியை கன்வேயரில் போட்டு அது சரியான விமானத்துக்குப் போகிறதா, தீ அலாரம் அடித்தால் எந்தக் கதவு திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இவை தேவையற்ற தாமதங்கள் அல்ல, செய்தே ஆக வேண்டிய வேலைகள். குறை, அவற்றைத் தொடங்கிய நேரத்தில். பணியிடக் கோரிக்கை, கட்டடம் எழும்பத் தொடங்கும்போதே போயிருக்க வேண்டிய கோப்பு. விழாத் தேதி மட்டும் உறுதியாகி, இயக்கத் தேதி அதைப் பின்தொடர்ந்தது.

பின்விளைவுகள்

உள்ளே நெரிசல் தீர்ந்தது. 60 செக்-இன் கவுன்டர், வருகையில் ஐந்து லக்கேஜ் பெல்ட், ஏராளமான இமிக்ரேஷன் மேசைகள். மூன்று விமானங்கள் ஒருசேர வந்தாலும் ஆட்கள் நிற்க இடம் இருக்கிறது. ஆனால் மேசை இருப்பதும், மேசைக்குப் பின்னால் அதிகாரி இருப்பதும் ஒன்றாகிவிடாது. வரிசை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை இன்றும் ஆள் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பரில், முன்பதிவு செய்த இந்தியப் பயணிகள் தானியங்கிக் கதவு வழியாகப் போகும் விரைவு இமிக்ரேஷன் வசதி திருச்சிக்கும் வந்தது. இந்த ஊருக்குப் புதிய கட்டடத்துக்கு அடுத்தபடி பயன்தரக்கூடியது அதுதான் என்பது என் கணிப்பு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய்வருவோர் இங்கே ஏராளம். அவர்கள் ஒதுங்கினால் மற்றவர்களின் வரிசை குறையும்.

வெளியே ஒரு புதுச் சிக்கல். முனையம் புதுக்கோட்டை சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி அமைந்துவிட்டது. முன்பு சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவர்கள் உண்டு. காரையும் டாக்ஸியையும் மனதில் வைத்து வரைந்த அணுகுசாலையில் அவர்களுக்கு இடம் இல்லை. கட்டடத் தொழிலாளியாக சிங்கப்பூர் போகும் பேராவூரணிக்காரரும் பயணிதான். பெரிய திட்டங்களில் அவர் கடைசியாகவே நினைவுக்கு வருகிறார்.

விமானங்களைப் பொறுத்தவரை, நான் மேலே சொன்ன கணக்கு அப்படியே நின்றது. ஆசியான் பக்கம் தடையில்லாததால் அங்கே சேவை தொடர்ந்தது. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ ஏடிஆர் விமானத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது; பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையத்தின் சிறிய ஓடுபாதைக்கு ஏற்ற சிறிய விமானம், அதற்குத் திருச்சியின் 2,480 மீட்டர் தாராளம். வளைகுடா நிறுவனங்கள் வரவில்லை. அகன்ற உடல் விமானச் சேவையும் வரவில்லை.

இதன் பாதிப்பைப் பயணிகளைவிட அதிகம் உணர்வது சரக்கு அனுப்புபவர்கள். இங்கிருந்து காய்கறியும் பூவும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போகின்றன. 737இன் அடியறையில் கன்டெய்னரே ஏற்ற முடியாது. பெட்டி பெட்டியாகக் கையால் அடுக்க வேண்டும். நிரம்பிய விமானத்தில் பயணிகளின் லக்கேஜ் போக மீதமிருக்கும் இடத்தில்தான் முருங்கைக்காய் ஏறும். ஏ330 ஒன்று நாள்தோறும் வந்தால் நிலைமை தலைகீழாக மாறும். முனையத்தின் பளிங்குத் தரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை இன்னொரு சோதனை. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய 737 ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு. 140க்கும் மேற்பட்டோர் உள்ளே. இந்த வகை விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி இல்லை. எடையைக் குறைக்க, இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை வானில் வட்டமடித்து எரித்துத் தீர்த்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கியது. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் முன்கூட்டியே அணிவகுத்து நின்றன. விமானிகளும் தரையில் இருந்தவர்களும் செய்தது பாராட்டுக்குரியது. ஓடுபாதை இன்னும் நீளமாக இருந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் குறைந்திருக்குமா என்று ஊரில் பலர் கேட்டார்கள். எடை குறையக் காத்திருப்பது எந்த ஓடுபாதையிலும் சரியான நடைமுறையே. ஆனால் பிரேக் பலவீனப்படக்கூடிய கோளாறில், மிச்சம் இருக்கும் ஒவ்வொரு நூறு மீட்டரும் விமானியின் கையில் கூடுதல் வாய்ப்பு என்பதை மறுக்க முடியாது.

மீண்டும் செய்தால்

வரிசையை மாற்றுவேன். முனையத்தை நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. முனையத்துக்கு ஒப்புதல் தரும் அதே நாளில், நிலத்துக்கும் பறக்கும் உரிமைக்கும் பொறுப்பான அலுவலகங்களிடமிருந்து தேதியிட்ட உறுதியைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால், 44 லட்சம் பேர் என்ற இலக்கை அப்படியே வைத்துக்கொள்ளாமல் கட்டடத்தை இரண்டு கட்டமாகக் கட்டலாம். மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை நில இழப்பீட்டுக்குத் திருப்பலாம். இழப்பீடு தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் நிலத்தின் விலை ஏறுகிறது, சுற்றிலும் வீடு முளைக்கிறது. அடுத்த முறை எடுக்க வேண்டியது வெறும் வயலாக இருக்காது.

பறக்கும் உரிமைக்குச் செலவு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் ஓர் ஊரின் பெயரைச் சேர்க்கும் பேச்சுவார்த்தை மட்டுமே. திருச்சியின் வணிக அமைப்புகளும் பயணிகள் சங்கங்களும் இதைத் தொடர்ந்து கேட்டு வருகின்றன. ஆனால் ஊர் மேடைகளில் ஓடுபாதை பெறும் கைதட்டலை இது பெறுவதில்லை. மதுரையோடு ஒப்பிட்டால் இதன் எடை தெரியும். மதுரைக்கு விமான நிலையம் உண்டு, பயணிகள் உண்டு, நெடுங்காலமாக நடக்கும் ஓடுபாதை நீட்டிப்பு முயற்சியும் உண்டு. சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் நிலத்தைவிட்டு எழ மறுத்துப் போராடியது 2024இல் செய்தியானது. ஆனால் ஆசியான் பட்டியலில் மதுரையின் பெயர் இல்லை. கோலாலம்பூருக்குப் போக வேண்டிய மதுரைக்காரர் இன்றும் நான்கு வழிச் சாலையில் திருச்சிக்குத்தான் வண்டி பிடிக்கிறார். நீண்ட ஓடுபாதை மதுரையில் வந்துவிட்டாலும், பட்டியல் மாறாதவரை அவர் வந்துகொண்டுதான் இருப்பார்.